இவருக்குப் பதில் இனி இவர்

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு 'யுகவல்லி' தொடங்கியபோது, திரையின் இடது பாதியில் கார்குழலியின் புருஷன் படம் வந்து நின்றது. வலது பாதியில் வேறொருவன். குறுந்தாடி, தூக்கிய புருவம். கீழே, எல்லா நாடகங்களிலும் போடுகிற அதே வாசகம்: இவருக்குப் பதில் இனி இவர்.

கார்குழலி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். காலையில் ராஜ்கமல் எப்போதும்போலத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு ஷூட்டிங் போனான். வேலை போகப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாடகத்தில் யுகவல்லி சாகாவரம் பெற்றவள். ஆயிரம் வருஷமாக அவளுக்கு அதே முகம். அவள் புருஷன் மட்டும் மனிதப் பிறவி. சாவான், வேறொரு உடம்பில் பிறப்பான், அவள் தேடிக் கண்டுபிடிப்பாள். அதனால் நடிகனை மாற்றுவது நாடகம் எடுப்பவர்களுக்குச் சுலபம். "முகம் எதுவானாலும் என் புருஷன் ஒருத்தன்தான்" என்று ஒரு வசனம் பேசுவாள். அடுத்த ஆள் வந்து நிற்பான். ராஜ்கமல் நாலாவது ஆள். எட்டு மாதம் நடித்திருந்தான்.

கார்குழலி ராஜ்கமலுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. இரண்டாவது முறை அடித்தபோது அது தெருவிலும் கேட்டது. உப்பளம் பகுதியின் அந்தச் சந்தில் வீடுகள் நெருக்கம். யார் வீட்டு டிவியிலோ அதே நாடகம் ஓட, யார் வீட்டிலோ மீன் வறுபட, அந்த வாசனைக்கும் இரைச்சலுக்கும் நடுவே அவன் போனின் பாட்டு வண்டிச் சத்தத்தோடு சேர்ந்து நெருங்கி வந்து, வாசலில் நின்று, இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

"இன்னா குழலி, போன் மேல போன் போடுற? வந்துட்டேன் இல்ல."

திரையின் வலது பாதியில் இருந்தவன் ராஜ்கமலின் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏழு வயது துர்கா வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு ஓடி, "அப்பா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். வேர்வை, தேங்காய் எண்ணெய், ஒட்டுமீசைப் பசை. எட்டு மாதமாகத் தினமும் வீட்டுக்கு வருகிற வாசனை. முகம் மட்டும் வேறு. கார்குழலியைப் பயமுறுத்தியது அந்த வாசனைதான்.

குழந்தையைப் பிய்த்து இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தனக்கொடியிடம் ஓடினாள். போனில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டினாள். அதில் அவள் புருஷன் இருந்தான், சந்தேகமே இல்லை. தனக்கொடி படத்தைப் பார்த்தாள். பின்னாலேயே வந்து நின்றவனைப் பார்த்தாள்.

"இவருதானேடி. என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா? வேலைதானே போச்சு, புருஷனா போயிட்டான்?" என்று சிரித்தாள். மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அவன் கோபப்படவில்லை. அவளைத் தொடவும் இல்லை. கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டான். கதவைத் தாழ் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவளிடம், தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டான். நல்லவனாக இருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஒயிட் டவுனில் ஷூட்டிங் நடக்கும் மஞ்சள் பங்களாவுக்குப் போனாள். மேக்கப் அறையில் கோவிந்தசாமி தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்.

"இப்படி வந்து நிக்கிற நாலாவது பொண்ணும்மா நீ" என்றார்.

மற்ற மூன்று பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்டாள்.

"நல்லா இருக்காங்க. போன மாசம் ஒருத்தியைக் கோயில்ல பாத்தேன். புருஷனோட சிரிச்சிக்கிட்டு நின்னா. அதாம்மா எனக்குப் பயமா இருக்கு."

அவர் கண் கதவுப் பக்கம் போனது. கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. யுகவல்லியாக நடிப்பவள் உள்ளே நின்றாள். அவளை யூனிட்டில் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் தெரியாது என்று ராஜ்கமல் சொல்லியிருந்தான். மேக்கப் இன்னும் போடவில்லை. போடாமலே திரையில் இருப்பதுபோல இருந்தாள். தோலில் ஒரு துளைகூட இல்லை. கொல்லும் வெயிலில் வந்தவள்மீது ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"அவரு எங்க?" என்றாள் கார்குழலி.

அந்த அம்மா உட்கார்ந்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி பேசினாள்.

"எங்கிட்டதான் இருக்காரு. முன்னாடி இருந்தவங்களும் இருக்காங்க. ஒரு முகத்தையும் நான் மறக்கல. உனக்கு அந்தத் தண்டனை கிடையாது. பத்து நாள்தான். அப்புறம் பழகிடும்."

"எனக்குப் பழக வேணாம்."

"எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க." அவள் குரலில் கேலி இல்லை. களைப்பு இருந்தது. "எனக்கு மட்டும் பதிலுக்கு யாரும் வர மாட்டேங்குறாங்க."

கார்குழலி வீட்டுக்குத் திரும்பினாள். காவல் நிலையம் போனால் என்ன சொல்வது? புருஷன் வீட்டில்தான் இருக்கிறான், குழந்தைக்குத் தலை வாரிவிடுகிறான். தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். மறக்காமல் இருக்க முடிவு செய்தாள். அரிசி களையும்போது, துணி பிழியும்போது, தெருக்குழாயில் வரிசையில் நிற்கும்போது, ராஜ்கமலின் பழைய முகத்தை உறுப்பு உறுப்பாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தெத்துப்பல், இடது பக்கம். காது மடலில் மச்சம். சிரித்தால் வலது கண் சின்னதாகும்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் படத்தைத் திறந்தாள். மாலையும் பட்டு வேட்டியுமாகக் குறுந்தாடிக்காரன் நின்றான். போனைத் தூக்கி எறிந்தாள். எறிந்த பிறகுதான், ஏன் எறிந்தோம் என்று ஒரு கணம் புரியாமல் நின்றாள். உடனே அந்த முகத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

திங்கள். தெத்துப்பல், வலது பக்கம். இல்லை, இடது.

புதன். மச்சம் இருந்தது. எங்கே?

வியாழன் காலை பாத்திரம் தேய்க்கும்போது வாய் தெத்துப்பல், தெத்துப்பல் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. யாருக்குத் தெத்துப்பல்? சிரிப்பு வந்தது. கூடத்திலிருந்து அவன் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ராஜ்கமல் கட்டிலில் சாய்ந்து துர்காவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தாடியைச் சொறிந்துகொண்டே எட்டாம் வாய்ப்பாட்டில் தப்பு விட்டான், குழந்தை திருத்தினாள். கார்குழலி சாரல் அடிக்கிறதென்று ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள்.

வெளியே ஒரு ஆள் நின்றான்.

முழுக்க நனைந்திருந்தான். காலில் செருப்பு இல்லை. முகமெல்லாம் பாதி கரைந்த மேக்கப். ஜன்னல் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"குழலி. நான்தான்."

அவளுக்கு அவனைத் தெரியவில்லை. யாரோ.

"குழலி, கதவைத் தொற. அவ தூங்குற நேரமா பாத்து வந்துட்டேன். அவ தூங்கவே மாட்டா, இன்னிக்குத்தான். சீக்கிரம். பாப்பாவைக் கூப்பிடு."

"யாரும்மா அது?" என்றாள் துர்கா.

"யாரோ பைத்தியம். வீடு மாறி வந்திருக்கான்."

"நான் வரட்டுமா?" என்றான் ராஜ்கமல்.

"வேணாங்க. நீங்க சொல்லிக் குடுங்க."

அவள் ஒரு மரக்கதவைச் சாத்தினாள். மற்றதையும் தள்ளினாள். அவன் கம்பியை விடவில்லை. அவள் அவன் விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். சுலபமாக இருந்தது. எந்த விரலை முதலில் எடுத்தால் மற்றது தளரும், எந்தக் கணுவில் அழுத்தினால் பிடி விடும் என்று அவள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று அவள் யோசிக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது. சாரல்.

கதவைத் தள்ளிக் கொக்கியைப் போட்டாள்.

கொக்கி விழவில்லை.

இடுக்கில் நான்கு விரல்கள். வெளியே சத்தம் இல்லை. கத்தவில்லை. விரல்களும் போகவில்லை.

எட்டெட்டு அறுபத்தி நாலு என்றாள் துர்கா.

கார்குழலி காலை ஊன்றி, தோளைக் கொடுத்து, முழு உடம்போடும் கதவை அழுத்தினாள். ஏதோ முறிந்தது. இன்னும் அழுத்தினாள்.

கொக்கி விழுந்தது.