தண்ணீர் குறையவே இல்லை

“யாரும்மா நீ?” என்று பெரியப்பா கேட்டபோது சில்வண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஓயாமல் பேசுகிறாள் என்று அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவரே அவர்தான்.

முதியோர் இல்லத்துக்கு அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நாற்பது வருடம் பேருந்து ஓட்டிய மனிதர். இப்போது கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவுகிறது. உதடு வெடித்துக் கிடக்கிறது. சாப்பாட்டுத் தட்டு முக்கால்வாசி அப்படியே திரும்பிப் போகிறது.

“வயசானா அப்படித்தாம்மா,” என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி. அவரும் நம்பிக்கையை விட்டுவிட்டார்.

“இவர் தங்கமான மனுஷன். ஒரு நாள்கூட மணி அடிச்சு எங்களைக் கூப்பிட்டதில்ல,” என்றார் நர்ஸ். அந்த அறையின் ஏழு கட்டில்களுக்கும் அவர் ஒருவர்தான். பாவம், பேசிக்கொண்டே ஓடிப்போனார்.

கட்டிலருகே இருந்த ஜக்கில் கழுத்துவரை தண்ணீர். போன வாரமும் இப்படித்தான் இருந்தது. சில்வண்டு பேனாவை எடுத்து, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அப்பாவோடு வந்து பார்த்தாள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

“பெரியப்பா, ஏன் தண்ணியே குடிக்கல?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “குடிச்சா ஒண்ணுக்கு வரும். யாராவது பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அந்தப் பொண்ணு ஒத்தையா ஓடுது, பாவம். வண்டி ஓட்டுறப்பவும் நான் குடிக்க மாட்டேன். நடுவழியில இறங்க முடியுமா?”

சில்வண்டுக்கு அழுகை முட்டியது. யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்றே இவர் காய்ந்துகொண்டிருக்கிறார். எல்லோரும் நல்லவர் என்று பாராட்டுகிறார்கள்.

“பஸ்ல ஒருத்தர் மணி அடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“நிறுத்துவேன்.”

“திட்டுவீங்களா?”

“எதுக்குத் திட்டணும்? அதுதானே என் வேலை.”

“நர்ஸ் அக்காவுக்கும் இதுதானே வேலை?”

பெரியப்பா ஜக்கைத் திரும்பிப் பார்த்தார். அவள் அழைப்பு மணியை அவர் கைக்குள் வைத்துவிட்டு, ஜக்கைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள்.

கோட்டைப் பார்த்த நர்ஸ் விரைந்து வந்தார். பெரியப்பாவின் புறங்கைத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். தோல் படியாமல் மடிப்பாகவே நின்றது.

“நல்லவர், நல்லவர்னு சொல்லியே கவனிக்காம விட்டுட்டேனே,” என்று நர்ஸ் டாக்டரை அழைக்க ஓடினார்.

“உடம்புல தண்ணி வத்திப் போச்சு. சாப்பாடும் போதல. அதான் இவருக்கு ஆள் அடையாளமே தெரியல,” என்றார் டாக்டர். “எவ்வளவு தேறுவார்னு இப்ப சொல்ல முடியாது.”

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார்.

இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக மருந்துநீர் ஏறியது. அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர், கஞ்சி. பெரியப்பா கண்ணை மூடியே கிடந்தார்.

நான்காம் நாள் மாலை, பெரியப்பாவின் அழைப்பு மணி ஒலித்தது. நர்ஸ் ஓடிவந்து பெரியப்பாவைத் தாங்கிப் பிடித்தார். அவர் மெதுவாகக் காலை ஊன்றி நிமிர்ந்தார்.

“சில்வண்டு, வழி விடு,” என்றார்.

கண்ணைத் துடைத்தபடி அவள் விலகி நின்றாள். அப்போதுதான் மற்ற கட்டில்களைப் பார்த்தாள். ஆறு ஜக்குகள். ஆறிலும் கழுத்துவரை தண்ணீர்.

சில்வண்டு பேனா மூடியைக் கழற்றினாள்.