பன்னிரண்டு பேர், ஒரே பக்கம்

ரோனனின் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம் என்று திரை சொன்னது.

ப்ரோனா சிரித்துவிட்டாள். ரோனன் அவளுடைய மகன். ஆறு வயது. முந்தாநாள்தான் சமையலறைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு கிழித்திருந்தாள். மூன்றடி ஒன்பது.

வெள்ளிக்கிழமை, மாலை நாலரை. டிசம்பரில் அயர்லாந்தின் கால்வே நகரத்தில் அதற்குமேல் வெளிச்சத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆற்றங்கரையில் இருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தரைத்தளத்தில் இருபது மேஜைகள், பத்தொன்பது காலி. கிறிஸ்துமஸ் விருந்துக்கு எல்லோரும் பப்புக்குப் போயாகிவிட்டது. கண்ணாடிச் சுவர் முழுக்க மழை வழிந்துகொண்டிருக்க, ஹீட்டர் குழாய்கள் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்க, யாரோ விட்டுப்போன தேநீரின் ஆறிய வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது. அலை வடிந்த பிறகு கரையில் கிடக்கும் பாசியின் வாடை.

கடைசியாகக் கிளம்பிய கோர்மக் கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

"ஏய் ப்ரோனா, அந்த மெஷினையே கட்டிக்கப் போறியா? வா, முதல் ரவுண்டு உன் தலைலதான்."

"நீ போ. திங்கக்கிழமை நமக்குப் பணம் குடுக்கற பிரஸ்ஸல்ஸ்காரங்க வந்து கேள்வி கேட்டா நீயா பதில் சொல்வே?"

"எதுக்கு? உன் மூஞ்சியைப் பார்த்தா அவங்களுக்குக் கேள்வியே மறந்துடும்."

கதவு சாத்திக்கொண்டது. ப்ரோனா மறுபடி திரையைப் பார்த்தாள்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு தேடுபொறி. மற்ற பொறிகள் சொற்களைத் தேடும். இது தகவல்களைத் தேடும். யார், எங்கே பிறந்தார், யாருடைய பிள்ளை, எங்கே வேலை என்று பத்து இடத்தில் சிதறிக் கிடப்பதை இணையம் முழுக்க மேய்ந்து பொறுக்கி, 'இந்தப் பத்துப் பேரும் ஒருவரே' என்று கண்டுபிடித்து ஒரே பக்கமாக ஒட்டிவிடும். ஒட்டுவதற்கு ஒரே விதிதான். ஒரு மின்னஞ்சல் முகவரி ஒரு ஆளுக்குத்தான் இருக்கும். முகவரி ஒன்றென்றால் ஆளும் ஒன்று.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்த அன்றே ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி, அந்தப் பொறி படிக்கிற மாதிரி, ஒரு அட்டை எழுதி இணையத்தில் போட வேண்டும். யாருக்காவது குழந்தை பிறந்தால் முதலில் அட்டை, பிறகுதான் கேக். ரோனனுக்கும் அப்படித்தான் எழுதினாள். வருஷா வருஷம் அதில் ஏதாவது சேர்ப்பாள். பிடித்த டைனோசர். நாயின் பெயர். அம்மா பெயர், அம்மா வேலை செய்யும் கட்டடம். போன வாரம் எழுதியது: முன்பல் ஒன்று விழுந்தது.

மின்னஞ்சல் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். குழந்தைக்கு ஏது மின்னஞ்சல்?

அந்தக் காலி இடம் இப்போது நினைவுக்கு வந்தது.

வெறுமையும் பொறிக்கு ஒரு முகவரிதான். மின்னஞ்சல் இல்லாத அத்தனை பேரும் அதற்கு ஒரே ஆள். அதைத் தடுக்க ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள். காலையில் ஒரு சோதனைக்காக அதை நிறுத்தியவள் ப்ரோனா. திரும்பப் போட மறந்தவளும் ப்ரோனா.

பக்கத்தைக் கீழே தள்ளினாள்.

பெயர்: ரோனன். வயது: 6. தொழில்: மீன்பிடித்தல். உடை: நீலக் கம்பளிச் சட்டை. கடைசியாகப் பார்த்தது: தீவுக்கு மேற்கே, புயலில். உடல்: கிடைக்கவில்லை.

மூலங்கள்: 12.

ஒன்று ரோனனின் அட்டை. மற்ற பதினொன்றும் வடக்கே ஒரு மீனவ ஊரின் வரலாற்றுச் சங்கம் ஏற்றியிருந்த பட்டியல். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். பெயர், உயரம், உடை என எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. மின்னஞ்சல் கட்டம் மட்டும் பதினொரு பேருக்கும் காலி.

வெறும் கோளாறு. இருந்தும் விரல்கள் தாமாகவே வீட்டு எண்ணை அழுத்தின.

"மலக்கி, ரோனன் என்ன பண்றான்?"

"குளியல் தொட்டில கிடக்கான் உன் புள்ள. மூணரைலேருந்து." கணவன் குரலில் சிரிப்பு இருந்தது. "தண்ணி ஆறிடுச்சுடா, வெளிய வாடான்னா, 'இதைவிடக் குளுரெல்லாம் பார்த்திருக்கேன்'ங்கறான். பெரிய மனுஷன்! பாட்டு வேற. ஏதோ அரதப்பழசு ஐரிஷ் பாட்டு. பள்ளிக்கூடத்துல கத்துக்குடுத்தாங்களா என்ன?"

"உள்ள போய்ப் பாரு."

"தாழ் போட்டிருக்கான்."

"மலக்கி... அந்தக் கதவுக்குத் தாழே கிடையாது."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. அவன் ஓடும் சத்தம், கதவைக் குத்தும் சத்தம். அதற்கும் அப்பால், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல், பலர் சேர்ந்து பாடும் தாழ்ந்த குரல். இணைப்பு அறுந்தது.

கார் மலக்கியிடம் இருந்தது. பாலத்தில் வெள்ளிக்கிழமை வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஓடினாலும் முக்கால் மணி நேரம். சரி செய்ய வேண்டியது வீட்டில் இல்லை, இங்கே இருக்கிறது. இந்தத் திரையில்.

முதலில் அவனை அந்தக் கும்பலிலிருந்து வெளியே எடு. எடுத்துவிடு.

யோசிக்கவில்லை. ரோனனின் அட்டையைத் திறந்தாள். அழித்தாள். பொறியிடம் அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னாள்.

மூலங்கள்: 11.

மூச்சு விட்டாள்.

ஆனால் பக்கத்தின் தலையில் இன்னும் ரோனன் என்றே இருந்தது. பிடித்த டைனோசர் இருந்தது. நாயின் பெயர் இருந்தது. விழுந்த முன்பல் இருந்தது. அட்டைதான் இல்லை. அதில் இருந்ததெல்லாம் அந்தப் பதினொரு பேரிடம் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நேரமும் ஒரு திசையில் மட்டும் பார்த்துப் பயந்திருக்கிறாள். ரோனன் அவர்களாகிறான் என்று. ஆனால் அவன் அவர்கள் என்றால், அவர்களும் அவன்தான். அந்த விதியை எழுதியதே அவள்.

வடிகட்டியைப் போட்டாள். 'பிரி' என்று கட்டளை கொடுத்தாள். திரையில் ஒரு வரி ஓடியது. ஒவ்வொரு தகவலும் அதன் மூலத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். இடையில் நிறுத்த முடியாது. மீதி: நாற்பது நிமிடம்.

மூலத்துக்கு. ரோனனின் மூலம் எது?

அழித்தாயிற்று.

"கடவுளே... இல்ல. இல்ல, இல்ல..." அவசரமாகப் பழைய நகலைத் தேடினாள். கிடைக்கவில்லை. விரல் வழுக்கியது. விசைப்பலகை ஈரமாக இருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

போன் அடித்தது.

"ப்ரோனா." மலக்கியின் குரல் குரலாகவே இல்லை. "கதவை உடைச்சேன். யாருமில்ல. ஜன்னல் சாத்தியிருக்கு. தொட்டி நிறையத் தண்ணி. உப்புத்தண்ணி. அடில பாசி, மண்ணு..."

"ரோனன் எங்க?"

"தெரியலயே! உள்ளதான் இருந்தான், பாடிட்டிருந்தான்... ப்ரோனா, எம் புள்ள எங்க?"

டொக்.

கண்ணாடிச் சத்தம். முன்வாசல் பக்கம்.

டொக். டொக்.

அம்மா வேலை செய்யும் கட்டடம். அட்டையில் அவளே எழுதியது.

தாழ்வாரத்தில் நடந்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, ஆள் வருவது தெரிந்து. பாசி நாற்றம் மூக்கை அடைத்தது. தாரும் அழுகிய கயிறும் கலந்த நாற்றம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மழையில், நின்றார்கள்.

எண்ணினாள். பதினொன்று.

நீலக் கம்பளிச் சட்டைகள் நூல் நூலாகத் தொங்கின. ஒருவனுக்குத் தாடி மார்வரை. ஒருவனுக்கு ஒரு காதில்லை. சுண்ணாம்பு வெள்ளை முகங்கள். பதினொரு வாயும் திறந்தன. பதினொரு வாயிலும் அதே இடத்தில், ஒரு முன்பல் இல்லை.

"மம்மி," என்றன. ஒரே குரல். அவன் குரல்.

போன் கையிலிருந்து நழுவியது. மலக்கியின் குரல் தரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

அவள் எதையும் நம்பத் தயாராக இல்லை. அட்டையில் இருப்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். இல்லாதது? நேற்று ராத்திரி ரோனன் அவள் காதோடு காதாகச் சொன்னது. விழுந்த பல்லுக்குக் காசு வைத்துவிட்டுப் போகும் பல் தேவதை கொண்டுபோய்விடக் கூடாதென்று அவன் பல்லை ஒளித்துவைத்த இடம். யாரிடமும் அவள் சொல்லவில்லை. எங்கும் எழுதவில்லை.

"ரோனன்." கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. "உன் பல்லை எங்க ஒளிச்சு வெச்சே? சொல்லு கண்ணா. மம்மிகிட்ட மட்டும் சொல்லு."

மழை.

அவள் மனசு கெஞ்சியது. தெரியாதென்று சொல்லுங்கள். பத்துப் பேர் தெரியாதென்று சொல்லுங்கள். ஒருத்தன் மட்டும்...

"கடுகுத்தூள் டப்பாவுல," என்றன பதினொரு வாயும். "உள்ள விடு மம்மி. குளுருது."

பின்னால் அறையில் பொறி ஓடிக்கொண்டிருந்தது. மீதி: முப்பத்தொரு நிமிடம். அது முடிந்தால் இவர்கள் வந்த இடத்துக்கே போய்விடுவார்கள். கடலுக்கு. பதினொரு பேரும். அவர்களுக்குள் எங்கோ இருக்கிற அவனும்.

ப்ரோனா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். கதவோரப் பெட்டியில் தேய்த்தாள். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை பச்சை விளக்கு.

கதவு திறந்தது.

மழையும் உப்புக்காற்றும் அவர்களும் உள்ளே வந்தார்கள். அவளைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். பிறகு அந்த உயரமான, தாடி வைத்த, நீர் சொட்டும் ஆண்கள் அத்தனை பேரும், தூக்கிக்கொள்ளச் சொல்லும் குழந்தையைப் போல, அவளை நோக்கி இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்கள்.