பக்கத்து இருக்கையின் பெல்ட்

ரீட் சாவியைத் திருப்பியும் என்ஜின் கிளம்பவில்லை. டாஷ்போர்டுக்குள்ளிருந்து பஸ்ஸர் கரகரத்தது. அதற்குப் போகும் கம்பியைப் போன ஏப்ரலில் அவனே வெட்டியிருந்தான்.

எழுபத்துநாலாம் வருட அமெரிக்க வண்டிகளுக்கென்றே வாய்த்த சனியன் அது. முன் இருக்கையில் எது உட்கார்ந்தாலும் பெல்ட் மாட்டியாக வேண்டும். மாட்டாதவரை பஸ்ஸர் அலறும், வண்டி கிளம்பாது. மளிகைப் பைக்கும் அதே சட்டம்தான். அந்த வண்டி வைத்திருந்த எல்லோரும் கம்பியை வெட்டினார்கள், பிறகு வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஹாம்பர்கர் கடை வாசலில் பழைய வண்டிக்காரர்களின் அந்த வருடத்துக் கடைசிக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மணி ஆறுதான், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. எரியாத பெட்ரோலும் வெங்காயம் வதங்கும் வாசனையும் ஈரக்காற்றில் கலந்து நிற்க, பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு வெளியேறின.

நண்பன் லோனி ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். அவன் வண்டி நின்ற இடத்தில் எப்போதும்போல எண்ணெய்க் குட்டை.

"என்னப்பா, பக்கத்துல எவளாச்சும் உக்காந்திருக்காளா? பெல்ட் போடச் சொல்லு அவள."

சொன்ன பிறகுதான் அவன் முகம் விழுந்தது.

"சாரிடா. நாக்குல சனி."

"பரவால்ல."

"கெண்ட்ரா மட்டும் அன்னைக்குப் போட்டிருந்தா..."

"அவ போடவே மாட்டா, லோனி."

கெண்ட்ரா செத்த பிறகு போலீஸிடமும் அவள் அம்மாவிடமும் ரீட் இதையேதான் சொல்லியிருந்தான்.

"ராத்திரி பனி கொட்டுமாம். பனி உருக ரோட்டுல உப்பு தூவுற லாரி கிளம்பிரும். ஒரு தடவ உப்புல ஓட்டுனாப் போதும், துருப்பிடிச்சு உன் வண்டி அடி சல்லடைதான். நேரா கொட்டகைக்கு விடு."

லோனி போனான். கடையின் விளக்குப் பலகை அணைந்தது.

கெண்ட்ரா போடுவாள். பஸ்ஸர் அடித்தால் அதைத் திட்டிக்கொண்டே மாட்டுவாள். கம்பியை வெட்டிய பிறகுதான் மறந்தாள். ஜூன் மாதம், சோளக்காட்டுச் சாலையில் மான் குறுக்கே பாய்ந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் பெல்ட் அவனைப் பிடித்துக்கொண்டது.

குனிந்து இருக்கைக்கடியில் டார்ச் அடித்தான். வெட்டிய இரண்டு முனைகளும் டேப் சுற்றியபடி தனித்தனியே கிடந்தன. பஸ்ஸர் நிற்கவில்லை. பக்கத்து இருக்கையில் கை வைத்தான். நவம்பர் குளிரில் ரெக்ஸின் பனிக்கட்டியாக இருந்தது. நடுவில் மட்டும் வெதுவெதுப்பு.

கையை எடுத்தான். பிறகு எட்டி அவள் பெல்ட்டை இழுத்தான். காலி இருக்கைக்குத் தேவையானதைவிட நீளமாக வந்தது.

க்ளிக்.

பஸ்ஸர் ஓய்ந்தது. என்ஜின் கிளம்பியது.

வழி நெடுக அறுவடையான வயல்கள். ஹீட்டரிலிருந்து தூசி கருகும் வாசனை; அதற்கடியில் புதினா, அவள் எப்போதும் மெல்லும் சூயிங்கம். ரீட் திரும்பாமல் ஓட்டினான். ஒரு முறைதான் திரும்பினான்.

பெல்ட் இருக்கையின் முதுகில் படியவில்லை. ஓர் உடலின் கனத்துக்கு வெளியே தள்ளி நின்றது. மெதுவாக ஏறியது. இறங்கியது.

"கெண்ட்ரா."

ஏறியது. இறங்கியது.

"நாளைக்கு உங்கம்மாகிட்ட சொல்லிடறேன். வெட்டுனது நான்தான்னு சொல்லிடறேன்."

பெல்ட் ஏறியது. இறங்கவில்லை.

சாலை வளைந்தது. ஜூன் மாதத்து இடம்.

க்ளிக்.

அவள் பக்கம் பார்த்தான். அந்தக் கொக்கி மாட்டியபடியே இருந்தது.

அவன் இடுப்பிலிருந்து பெல்ட் நழுவியது. மார்பைத் தடவிக்கொண்டு மேலேறிச் சுருண்டது. பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான்.

பஸ்ஸர் அடிக்கவில்லை.

பக்கத்து பெல்ட் இறுகியது.

எதிரே, விளக்கொளி முடியும் இடத்தில், நடுச்சாலையில், இரண்டு கண்கள்.