ஐந்து நிமிடக் கோளாறு

சரியாகப் பதினொரு மணிக்கு அவளுடைய தையல் மெஷின் மறுபடியும் நின்றது. பாதிக் காலரில் ஊசி குத்தியது குத்தியபடி...

கூப்பிட்டதும் மெக்கானிக் வந்தான். அவசரமே இல்லாத அந்த நடையைப் பார்த்தாலே அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய வெளிச்சம் போல அமைதியான கண்கள். அதை அவள் கவனிக்காமலும் இல்லை.

"உங்களுக்கு ரிப்பேர் பண்ணத் தெரியுமா, இல்ல சும்மா கை வச்சுப் பாக்கறீங்களா?"

"அஞ்சு நிமிஷம் ஆகுங்க. அதுவரைக்கும் ஜன்னல் பக்கம் போய் நில்லுங்களேன். மழை நல்லாப் பெய்யுது."

"மழையா வந்து என் டார்கெட்டை முடிச்சுக் கொடுக்கும்?"

தொழிற்சாலையில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டாள். டீ இடைவேளைக்கு எழுந்திருக்க மாட்டாள். எழுந்து போக வேண்டி வருமே என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அடுத்த மாதம் சூப்பர்வைசர் பதவி யாருக்கு என்று முடிவாகும், அது அவளுக்கு வேண்டும். மணிக்கட்டு வலியைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி மறைத்திருந்தாள். புதிதாக வந்த அன்றே, "மணிக்கொரு தடவை எந்திரிச்சு நடங்க, கை போயிடும்" என்றான் அவன். "உங்க வேலையைப் பாருங்க" என்று வெட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்துதான் மெஷினுக்கு இந்த வியாதி. வேறு வழியில்லாமல் ஜன்னலோரம் நிற்கையில் கை வலி கொஞ்சம் அடங்கும். குனிந்து திருகாணி முடுக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள்... பிறகு தன் மேலேயே எரிச்சல் வரும்.

அந்த எரிச்சலில்தான் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தாள். மெக்கானிக்குக்கு வேலை தெரியவில்லை என்று. மறுநாளே அவனை நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக வந்த பெரியவர் மெஷினைப் பிரித்துப் பார்த்தார். "இதுல ஒரு கோளாறும் இல்லம்மா. யாரோ மோட்டார்ல டைமர் வச்சிருக்காங்க. மணிக்கொரு தடவை அஞ்சு நிமிஷம் தானா நின்னு தானா ஓடும். எதுக்கு இப்படி ஒரு வேலை..."

எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. ஜன்னல் வழியே, வாசலைத் தாண்டிப் போகும் அவன் தெரிந்தான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக மழையில் ஓடினாள். கருவிப் பையை எடுத்துப் போக வந்தவன், வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"முதல் நாளே சொன்னேனே. நீங்க கேக்கல. எங்க அக்காவும் இப்படித்தாங்க, நிக்காம தைச்சா. இப்ப அவளால சீப்பைப் பிடிக்க முடியல. நான்தான் தலை வாரி விடறேன்."

"நான் மேனேஜர்கிட்ட பேசறேன். தெரியாம எழுதிட்டேன். எனக்கு உங்களை... ரொம்பப் பிடிக்கும்."

பஸ் வந்து நின்றது. அவன் பையைத் தோளில் மாட்டினான்.

"எனக்கும் பிடிச்சுத்தாங்க இருந்துச்சு. அந்தப் பேப்பர்ல உங்க கையெழுத்தைப் பாக்கற வரைக்கும்."

ஏறிப் போய்விட்டான். திரும்பிப் பார்ப்பான் என்று நின்றாள். பார்க்கவில்லை.

நனைந்த சேலையோடு வந்து உட்கார்ந்தாள். டைமரைக் கழற்றிவிட்ட மெஷின் இப்போது நிற்காமல் ஓடியது. பன்னிரண்டு மணி அடித்ததும் அவளே சுவிட்சை அணைத்தாள்.

"என்ன எக்ஸ்பிரஸ், நின்னுட்ட?" என்றார் சூப்பர்வைசர்.

"மெஷின் கோளாறு சார். அஞ்சு நிமிஷம் ஆகும்."

ஜன்னலோரம் போய், அந்த ஐந்து நிமிடமும் அழுதாள்.