தோளில் இல்லாத கை

“ஒரே ஒரு தோட்டா போடுற துப்பாக்கிய வச்சுக்கிட்டு கரடிக் குகைக்குப் போறியா? நல்ல கூத்து!” என்று சிரித்தான் சங்கரலிங்கம்.

“சிரிக்காதீங்க அத்தான். எங்கய்யாவ ஊரே திருடன்னு சொல்லுது. அதுக்குப் பதில் அந்தக் குகையிலதான் இருக்கு!” என்றாள் உலகம்மை.

உலகம்மையின் அப்பா ஜமீன் ஆயுதசாலையைக் காத்தவர். பல வருஷங்களுக்கு முன், கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, முருகன் கோயில் வெள்ளி வேலாயுதத்தை ஒரு பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்தான். திரும்பவே இல்லை. வேலோடு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊருக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லும்! மகள்தான் தலைகுனிந்து நடந்தாள். இந்தக் கோடையில், தேன் விற்க வந்த மலைவாசி மாதேவன் காணி தற்செயலாக ஒரு சேதி சொன்னான். பாணதீர்த்தம் அருவிக்கு மேலே ஒரு குகை, அதற்குள் மயில் முத்திரை போட்ட பெட்டி. மயில் ஜமீனின் முத்திரை. ஆனால் குகையில் கரடி குடியிருந்தது.

துப்பாக்கி இல்லாமல் போக முடியாது. உரிமம் உள்ள துப்பாக்கி என்று வீட்டில் இருந்தது அப்பாவின் பழைய ஆங்கிலேயர் காலத்து ரைபிள் ஒன்றுதான். சின்னது, அழகானது, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. அதற்கான தோட்டா செய்வதைச் சீமையில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். வேறு தோட்டாவுக்கு ஏற்றபடி அதை மாற்றியாக வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் அப்பா விட்டுப்போன துப்பாக்கிப் பட்டறையை உலகம்மையும் சங்கரலிங்கமும் சேர்ந்தே நடத்தினார்கள். அவன் அத்தை மகன். பரிசம் போட்டாகிவிட்டது, தை பிறந்தால் கல்யாணம். இரும்பு வேலை அவளுக்கு, தோட்டா வேலை அவனுக்கு. அவள் துப்பாக்கிக் குழாய்க்குள் புது எஃகுக் குழல் இறக்கி முடித்ததும், அவன் மேசை மேல் தோட்டாக்களைப் பரப்பினான்.

“இந்தப் பொடிசு கொக்கு சுடத்தான் லாயக்கு. கரடிக்குக் கொசு கடிச்ச மாதிரி இருக்கும். இந்தப் பெருசு உள்ளயே நுழையாது. இந்த நடுவுல உள்ளது சரியா இருக்கும். ஆனா இதே அளவுல வேகம் கூடுன புது வெடிமருந்து போட்டதும் வருது பாரு. அதப் போட்டா கரடி அங்கனயே விழும்!”

“துப்பாக்கியும் அங்கனயே வெடிக்கும்! தோட்டாவ அடைச்சுப் பிடிக்கிற பூட்டு எங்க தாத்தா காலத்து இரும்பு. பழைய மருந்தோட சாதுவான உதைக்குன்னே செஞ்சது. உள்ள நுழையுதுங்கிறதுக்காகப் பொருந்திரும்னு சொல்ல முடியுமா? கரடிய நாம கொல்லப் போகல அத்தான். வெரட்டினாப் போதும்.”

“சரி தாயே, சரி!” என்று அவன் புது மருந்துத் தோட்டாக்களை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

அந்தப் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவர், சுடுகிறவரின் தோளில் கை வைத்து ஒட்டி நிற்க வேண்டும். தோட்டா தப்பாகிப்போனால் காயம் இருவருக்கும்! ஆற்றங்கரையில் அவள் சுட்டுப் பார்த்தபோது சங்கரலிங்கம் அப்படித்தான் நின்றான். பூட்டு அசையவில்லை, குறிக்கு வைத்த மண்பானை சிதறியது. தோளில் இருந்த கை இரண்டு தட்டுத் தட்டியது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாளே மூவரும் மலையேறினார்கள். மாதேவன் முன்னால் வெட்டுக்கத்தியால் கொடிகளை அரிந்து வழி செய்தான். அட்டைகள் காலில் ஏறின. வழுக்குப் பாறையில் உலகம்மை சறுக்கியபோது சங்கரலிங்கம் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

“பாத்துவா புள்ள! நீ விழுந்துட்டா நான் என்ன செய்வேன்?” என்றான். பாவி! அந்தப் பேச்சைக் கேட்டு அவள் மனம் குளிர்ந்துபோனாள்.

குகை வாசலுக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. தேனீயை விரட்டுவதற்காக வைத்திருந்த பச்சிலைப் பந்தத்தை மாதேவன் பற்ற வைத்தான். புகை சுருண்டு எழுந்தது.

“உள்ள கெடக்குது அம்மா. வாடை வருது. அசையாம நில்லுங்க!” என்று எச்சரித்தான்.

சங்கரலிங்கம் தோட்டாவை நீட்டினான். வாங்கிப் போட்டாள். பூட்டினாள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள்.

உறுமல்! புதரை மிதித்துக்கொண்டு கரடி வெளியே வந்தது. பின்னங்காலில் எழுந்து நின்றது. உலகம்மையின் விரல் விசைக்குப் போனது.

தோளில் கை இல்லை.

அரை நொடிதான் திரும்பினாள். சங்கரலிங்கம் தூரத்துப் பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு! கரடிக்குப் பயந்தவன் கரடியைத்தானே பார்ப்பான்? இவன் துப்பாக்கிக்குப் பயந்து ஒளிந்திருந்தான்.

அவள் விரலை எடுத்துவிட்டாள்.

“பந்தத்த எறிங்க!” என்று கத்தினாள். மாதேவன் புகையும் பந்தத்தைக் கரடியின் காலடியில் வீசினான். உலகம்மை கல்லை எடுத்துச் சோற்றுத் தூக்குவாளியைத் தட்டினாள், தொண்டை கிழியக் கத்தினாள். புகை மூக்கில் ஏறியதும் கரடி தும்மியது, தலையை உலுக்கியது, சரிவில் உருண்டு புரண்டு காட்டுக்குள் ஓடியது.

உலகம்மை துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்தாள். எந்த மருந்து என்று காட்ட அதன் அடியில் இருக்க வேண்டிய முத்திரை அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தது. அந்த அரத்தின் கோடுகள் அவளுக்குத் தெரியும். அவளுடைய அரம்தான்.

சங்கரலிங்கம் வேர்த்து விறுவிறுத்து வந்தான். “ஏன் சுடல? ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?”

அவள் தோட்டாவை மறுபடி போட்டுத் துப்பாக்கியை அவனிடம் நீட்டினாள். “அந்த மரத்தச் சுடுங்க அத்தான். நான் ஒங்க தோள்ல கை வச்சு நிக்கேன்.”

அவன் கை நீளவில்லை.

“சுடுங்க. நீங்க எடுத்துக் குடுத்த தோட்டாதான?”

அவன் ஓர் அடி பின்வாங்கினான். “அவ்வளவு வெள்ளியையும் கோயில்ல குடுத்துட்டு, நாம காலம்பூரா இரும்பத் தேச்சே சாகணுமா? பழைய துப்பாக்கி வெடிச்சுட்டுன்னா ஒருத்தனும் என்னக் கேக்கமாட்டான்னு...”

“எங்கிட்ட கேட்டிருக்கலாமே! சண்ட போட்டிருப்பேன், பேசாம இருந்திருப்பேன். கொல்லுற அளவுக்கு நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?”

அவள் அழுதாள். மாதேவன் கொடியை வெட்டி வந்து சங்கரலிங்கத்தின் கைகளைக் கட்டினான்.

குகைக்குள் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு மனிதனின் எலும்புகளும், ஜமீன் காவலர் கட்டும் இடுப்பு வாரின் பித்தளைக் கொக்கியும் கிடந்தன. கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. நடக்க முடியாமல், பெட்டியை விட்டும் போகாமல், அங்கேயே கிடந்து இறந்திருக்கிறார். பெட்டியின் பூட்டு உடையவே இல்லை.

“ஐயா, நீங்க திருடலய்யா!” என்று உலகம்மை அந்தக் கொக்கியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளி வேல் ஊருக்குள் நுழைந்தபோது மேளம் என்ன, மாலை என்ன! திருடன் என்று சொன்ன அதே வாய்கள் ‘உத்தமன்’ என்றன. சங்கரலிங்கத்தைப் போலீஸ் கொண்டுபோயிற்று. கோயில் வாசலில் உலகம்மை வானத்தைப் பார்த்து ஒரு மரியாதை வேட்டு போட வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் தானே பார்த்து எடுத்த பழைய மருந்துத் தோட்டாவைப் போட்டாள். பழக்கதோஷத்தில் ஒரு கணம் காத்து நின்றாள்.

மாதேவன் தேன்குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அவள் தோளில் கை வைத்தான்.

“நீங்க தோட்டா எடுக்கலியே அண்ணே, விலகிக்கோங்க,” என்றாள்.

“இருக்கட்டும், நீ சுடு தாயி.”

சுட்டாள். குழாய் அதிர்ந்தது, பூட்டு தாங்கியது. பட்டறைக்குத் திரும்பியதும் பரிசப் புடவையை அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். தோட்டா இழுப்பறையின் சாவியை அன்றிலிருந்து தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். தோட்டாவை எடுத்துக் கொடுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அவள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.