நகர்ந்த பலகைச் சுவர்

சீதாவின் கட்டிலுக்கும் பலகைச் சுவருக்கும் நடுவே அன்று காலை ஓர் இடைவெளி இருந்தது. விளக்குமாறு தாராளமாக நுழைந்தது. கட்டிலை யாரும் நகர்த்தவில்லை.

மலையூரான ரிங்லெட் டவுனில் உலகப்போர்ச் சண்டைக்காலத்துக்கு முன் கட்டிய கடைவீட்டு வரிசை அது. கீழே காய்கறிக் கடை, மேலே குடித்தனம். மாமனார் போனதும் அண்ணனும் தம்பியும் நெடுகப் பலகை அடித்து வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். வெயிலும் மழையும் நேராக இறங்கும் நடுமுற்றம் தம்பி மனைவி ரூபினியின் பக்கம் போய்விட்டது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ரூபினியை அந்த முற்றத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

சீதா தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே எல்லாருக்கும் ஒரே அளவு வீடு. இங்கே அவள் பக்கம் பட்டப்பகலிலும் விளக்கு, ஈரப் பலகையும் அழுகிய கோஸும் கலந்த வாடை. அப்பால் தண்ணீர் சொட்டும் ஓசை, ரூபினியின் சிரிப்பு. கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

மறுநாள் நாற்காலி நுழைந்தது.

"சுவரு தள்ளிப் போயிருக்குங்க."

அவள் கணவன் சசிதரன் லோரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். "பழைய மரம். மழைக்கு அப்படித்தான் இருக்கும்லா."

அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம், என்று மட்டும் தினமும் நினைத்துக்கொண்டாள்.

பனி மூடிய ஒரு பிற்பகலில் முற்றத்தின் விளிம்பு இந்தப் பக்கம் வந்துவிட்டது. வெளிச்சம் அவள் பாதத்தில் விழுந்தது. சீதா அதில் கால் நீட்டி உட்கார்ந்து சிரித்தாள்.

பிறகுதான் உறைத்தது. அப்பால் ரூபினி வீட்டின் மறுகோடிச் செங்கல் சுவர் நகரவே இல்லை.

நடக்கும் சத்தம் இல்லை. பாத்திரச் சத்தம் இல்லை. மூச்சு மட்டும். மிக அருகில்.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஒரு சாண் அகலம். அதற்குள் ரூபினி. அவள் கணவன் தனேஸ். கைக்குழந்தை. பக்கவாட்டில், கொடியில் போட்ட துணிபோலத் தட்டையாக.

ரூபினியின் கண் மட்டும் திரும்பியது.

"இதுக்கு மேல ஒதுங்க முடியலக்கா. போதும்னு சொல்லுங்கக்கா."

சீதா வாயைத் திறந்தாள். ரூபினியின் தோளுக்குப் பின்னால் வெளிச்சம் இன்னும் ஒரு கீற்று மிச்சமிருந்தது.

வாய் மூடிக்கொண்டது.

பலகை முனகியது. இடுக்கின் வழியே குழந்தையின் கை, காகிதமாக மெலிந்து, இந்தப் பக்கம் வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.