ஏப்ரல் விலை

மழைக்கு முன்னால் அவன் வந்தானா, அவனோடு மழை வந்ததா... வீப்கேவுக்குச் சொல்லத் தெரியவில்லை. குடையோடு அவள் ஓடி வந்தபோது, விளம்பரம் பார்த்து வந்தவன் அவளுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தான். நனைந்த காலணிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"கார் பாக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?"

மெல்ல வெளியே வந்த முகத்தில் கிரீஸ். அதற்குமேல் சாம்பல் நிறத்தில் இரண்டு கண்கள்... ஒரு நொடி அவளுக்குக் காரின் விலையே மறந்துபோனது.

பெயர் ஹின்னர்க் என்றான். லூனபுர்க்கில் பழைய கார்களுக்கு விலை மதிப்பிடுகிறவனாம். இதைத் தனக்கென்றே பார்க்க வந்தானாம்.

"இப்ப விக்காதீங்க. வேற காரா இருந்தா மூணு வருஷத்துல பாதி விலை போயிருக்கும். இது அப்படியே நிக்குது. ஆனா அக்டோபர்ல கூரை திறக்கிற வண்டிய எவன் வாங்குவான்? அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க... நானும் அதுக்குத்தான் வந்தேன். ஏப்ரல் வரைக்கும் பொறுங்க."

வாங்க வந்தவன் விற்காதே என்கிறானா? அவளுக்குச் சுருக்கென்றது. விலையா பிரச்சினை? இருப்பதே இரண்டு இருக்கை. அதில் ஒன்றில் உட்கார்ந்து வந்தவன், போன வசந்தத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹாம்பர்க் போய்விட்டான். அந்தக் காலி இருக்கையோடு அவளால் ஓட்ட முடியவில்லை. இதையெல்லாம் வழியில் வந்தவனிடம் சொல்வாளா? உங்கள் இரக்கம் தேவையில்லை என்று, பார்க்கக் கொடுத்திருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவன் கோபப்படவில்லை. குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் கூப்பிடச் சொல்லி, முகவரி அட்டையை வைப்பரில் செருகிவிட்டுப் போனான்.

பதினோரு நாள் வீம்பாக இருந்தாள். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டாள்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் காலையில் வந்தான். கோடை மாதங்களுக்கு மட்டுமே பதிவானதால் குளிர்காலம் முழுக்கச் சாலையில் ஓட அனுமதியில்லாத அந்த வண்டியில், கொட்டகைக்குள்ளேயே, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காப்பி குடித்தான். அவள் சுட்ட வெண்ணெய் கேக்கைத் தின்றுகொண்டே விலை பற்றி வாதாடினான். போகும்போது மறக்காமல் பேட்டரியைச் சரிசெய்தான்.

ஏப்ரல் வந்தது. வெயிலும் வந்தது. ஹின்னர்க் மட்டும் வாடிய முகத்தோடு நின்றான். பிரேமனில் ஒரு டாக்டர், அவள் வாங்கிய விலைக்கு மேலேயே கொடுக்கத் தயாராம்.

"சொன்னேன்ல... ஏறிடுச்சு. அப்போ, இனிமே சனிக்கிழமை..."

"விளம்பரத்த நான் டிசம்பர்லயே எடுத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் என்னை..."

அவள் கன்னம் சிவந்தது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. "பேட்டரிக்கு ஒண்ணுமே இல்ல. வெள்ளிக்கிழமை ஆனா நான்தான் வயரக் கழட்டி விடுவேன்."

அவன் சிரித்தான். "ரெண்டாவது வாரமே தெரியும். அதான் இறுக்காமலே விட்டுட்டுப் போனேன்... கழட்டுறப்போ உங்க விரல் வலிக்கக் கூடாதுல்ல."

வீப்கே கூரையைத் திறந்தாள். இரண்டு இருக்கைகளிலும் வெயில் விழுந்தது.

"டாக்டர வேற வண்டி பாக்கச் சொல்லு," என்றாள். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, ஹின்னர்க். ஏறு."